ஓர் அட்டை இடைவெளி

“கம்பெனிப் பொண்ணு லைன்ல இருக்கு. கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க” என்று சொல்லிவிட்டு, ஒச்சம்மாள் ஸ்பீக்கரைப் போட்டு போனைத் தரையில் வைத்தாள். அவள் புருசன் நல்லுசாமியின் உடம்பில் பாதி, சின்ன டிராக்டருக்கு அடியில் இருந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள்தான்.

“பொம்பளப் புள்ளையா? அங்க மெக்கானிக் ஒருத்தரும் இல்லையாக்கும்?”

“நான்தாங்கய்யா மெக்கானிக்கு. திண்டுக்கல் சர்வீஸ் சென்டர்ல இருந்து பேசுறேன். வண்டிக்கு என்ன?”

“வண்டி நல்லாத்தான் ஓடுது. பின்னாடி மாட்டுன, மண்ணைக் கெளறுற ரொட்டவேட்டர்தான் பத்து நிமிசம் சுத்திட்டு நின்னுபோகுது. செத்த நேரம் ஆறவிட்டா மறுபடி சுத்துது.”

வீட்டு வாசலில் மூவாயிரம் தக்காளி நாற்றுகள் தட்டுகளில் காத்திருந்தன. நடவுக்கு ஆட்கள் நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறார்கள். வயலில் பாதிதான் உழுதிருக்கிறது. மழை பெய்த ஈரத்தில் சித்தையன்கோட்டை முழுக்க உழவு நடப்பதால், வாடகை டிராக்டர் ஒரு வாரத்துக்குக் கிடைக்காது. அதற்குள் நாற்றெல்லாம் வெயிலில் வாடிப் போகும்.

“ரொட்டவேட்டரைச் சுத்த வைக்கிற கிளட்சு காந்தத்துல பிடிக்குறது. தேஞ்சு தேஞ்சு நடுவுல இடைவெளி கூடிருச்சு. சூடானா காந்தத்துக்குப் பிடிமானம் பத்தல. புதுசெல்லாம் வேணாம், இடைவெளியக் குறைச்சாப் போதும். சாவிய எடுத்துட்டீங்களா?”

“எஞ்சின்தான் நிக்குதுல்ல?”

“சாவிய எடுங்கய்யா. சாவியோட விட்டுட்டு அடியில படுக்குறதுதான் உங்க பழக்கம்.”

“ஊருல எல்லாப் பயலுக்கும் அதான் பழக்கம்” என்று முனகினார் நல்லுசாமி. ஒச்சம்மாள் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கிளட்சைச் சுத்தி மூணு நட்டு இருக்கும். மூணையும் ஒண்ணுபோல இறுக்கணும். ஒரு தடவைக்குக் கால் சுத்துதான். நாங்க தகடு வச்சு அளப்போம். உங்க வீட்ல கல்யாணப் பத்திரிகை இருந்தா எடுங்க, அந்த அட்டை கனம் இடைவெளி இருந்தாச் சரி.”

ஒச்சம்மாள் உள்ளே போய், பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்த ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தாள்.

“இது யாரு வீட்டுக் கல்யாணம்?”

“யாருதா இருந்தா என்ன? ஒருக்காக்கூடப் பிரிக்கல, அட்டை கசங்காம இருக்கு. சொருகுங்க.”

மூன்று இடத்திலும் அட்டையைச் செருகிப் பார்த்து, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினார். வியர்வை கண்ணில் இறங்கியது.

“கூட ஒத்தாசைக்கு வீட்ல ஆளில்லையாய்யா?” என்றது போன்.

“மகன் பிரபு இருந்தான். வண்டி வேலையெல்லாம் அவன்தான் பாப்பான். என் பேச்சை மீறிக் கல்யாணம் கட்டுனான், வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். ரெண்டு வருசமாச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல.”

“இப்பக் கூப்பிட்டா ஓடி வருவாருல்ல?”

“சொன்ன சொல்லை மாத்துறவன் இல்ல நானு. நீ நட்டைப் பத்திச் சொல்லு தாயி.”

ஒச்சம்மாள் பிடித்திருந்த டார்ச் வெளிச்சம் போன் பக்கம் திரும்பியது. “ஏய், லைட்ட இங்கிட்டுப் பிடி!” என்று ஒச்சம்மாளை அதட்டினார்.

அட்டை லேசான உரசலோடு மூன்று இடத்திலும் போய் வந்தது. டிராக்டரைக் கிளப்பி, கிளட்ச் சுவிட்சை இழுத்தார். ‘டக்’கென்று கிளட்ச் கவ்வியது. ரொட்டவேட்டர் மண்ணைப் பூப்போலப் புரட்டிக்கொண்டு போனது. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று, நிற்கவில்லை. பொழுது சாயும் முன்பே முழு வயலும் உழுதாகிவிட்டது.

சேறு அப்பிய காலோடு வந்து, அவரே அந்த நம்பரைப் போடச் சொன்னார்.

“ஆயி மகராசி, என் வெள்ளாமையக் காப்பாத்திட்ட! ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. நாட்டுக்கோழி அடிச்சு, இந்த நல்லுசாமியே உனக்குப் பரிமாறுறேன். வரலேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

“பெறகு பேச்சு மாறக்கூடாது” என்றாள் ஒச்சம்மாள் பக்கத்திலிருந்து.

“என்னைக்குடி மாறியிருக்கேன்? வான்னு சொன்னா வாதான்!”

போனில் அந்தக் குரல் மெல்லக் கேட்டது:

“உங்க மகனையும் கூட்டிட்டு வரட்டுமா, மாமா?”