ஞானஸ்நானக் குல்லா

திருவனந்தபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை எலிசாளின் வயிற்றின் மேல் போட்டிருக்கிறது. அவளுக்கும் அடுத்த கட்டில் பாத்துமுத்துவுக்கும் நெஞ்சில் ஒரே கோளாறு. பிள்ளையைச் சுமந்தால் உயிர் தங்காது என்று டாக்டரம்மா இருவருக்கும் சொல்லிவிட்டாள். பாத்துமுத்துவின் மாப்பிள்ளை பள்ளிவாசல் முஸ்லியாரிடம் ஓடினார். "நாலு மாசம் ஆவல்லியே, இன்னும் ரூஹு ஊதல்ல, புள்ளைக்கு உசுரு வரல்ல. தாயோட உசுருதான் பெருசு" என்று அவர் சொல்ல, நேற்றுக் கருவைக் கலைத்தாயிற்று. எலிசாளின் கணவன் உபதேசியாரிடம் போனான். தரித்த அன்றே அது கர்த்தர் தந்த ஆத்துமா, தொட்டால் கொலை என்று அவர் முடித்துவிட்டார். "ஒன்கிட்ட யாராவது கேட்டாவளா?" என்கிறாள் எலிசாள். பாத்துமுத்து சுவர்ப்பக்கம் திரும்பியபடியே, "எனக்குப் புள்ள வேணும்னுதான் இருந்திச்சு" என்கிறாள். அப்போது உபதேசியாரின் மனைவி உள்ளே வந்து, சபைப் பெண்கள் ஞானஸ்நானத்துக்கென்று இப்போதே பின்னிவிட்ட லேஸ் குல்லாவை எலிசாளின் வயிற்றின் மேல் வைத்து அழகு பார்க்கிறாள். எலிசாள் மூச்சு வாங்க வாங்க அது ஏறி இறங்குகிறது.

"நூலு மிச்சம் இருக்காக்கா?"

"இருக்கே மக்ளே, எதுக்கு?"

"என்னையப் பெட்டியில வச்சுப் போத்துற துணிக்கும் இதே கரை போட்டிருங்க."