நாற்பது கிராம்

“நானூத்திப் பன்னெண்டு வெள்ளி அறுபது காசு, அண்ணே. கேக்கல, சும்மா சொன்னேன்.”

யஹ்யா கணக்கு நோட்டை மூடாமலே மேசைமேல் வைத்தார். திகாம் பத்து சாலையோரத்தில் அவருடைய சாப்பாட்டுக் கடை. எதிரே உட்கார்ந்திருந்த ரஃபேல் தலையைத் தூக்கவில்லை. அவர் கண் கைப்பேசியிலேயே இருந்தது. தொடாமல் விட்ட தேநீரில் ஆடை கட்டியிருந்தது.

ரஃபேல் புக்கிட் செலம்பாவில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவர். மனைவி பிரிஜெட்டும் மகள் கேரனும் அலோர்ஸ்டாரில் பையனோடு இருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது. கைக்கு வந்த கூலியெல்லாம் அங்கே போய்விட, ரஃபேலின் மூன்று வேளைச் சாப்பாடும் யஹ்யாவின் நோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

இன்று பத்து மணிக்குப் பையனுக்கு எடை பார்ப்பார்கள். எடை சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு எதுவும்.

“மணி என்னா, பாய்?”

“ஒம்பது அம்பத்தஞ்சு. இப்பத்தானே கேட்டீங்க.”

“பயமா இருக்கு. சனிக்கிழமையும் இப்படித்தான். எடை சரியா இருக்குன்னு போன் வந்துச்சு. கடையில இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் குடுத்தேன்.”

“அதுவும் இந்தக் கணக்குலதான் இருக்கு.”

“அப்புறம் பாத்தா, துணியோட எடை போட்டிருக்காங்க. கழட்டிட்டுப் போட்டா நாப்பது கிராம் இடிக்குது! நாப்பது வருசமா பால் எடை போடறவன் நான். வாளி எடைய கழிச்சியா இல்லியான்னு ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணிகிட்ட தெனமும் சண்டை போட்டவன். நானே ஏமாந்துட்டேன்.”

“அதனாலதான் குத்துச்சண்டையில சுத்தித் துண்டைப் புடிச்சிக்கிட்டு எல்லாத்தையும் கழட்டிட்டு ஏறி நிக்கிறாங்க,” என்றார் யஹ்யா.

ரஃபேலின் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தன. அதைப் பார்க்கப் பொறுக்காமல் யஹ்யா பழைய வழக்கைக் கிளப்பினார்.

“அது கிடக்கட்டும். எல்லாக் காலத்துக்கும் பெரிய லைட்வெயிட் குத்துச்சண்டைக்காரன் யாரு? விட்டேக்கர்தானே?”

ரஃபேல் நிமிர்ந்தார். இளவயதில் தோட்டத்துக் கொட்டகையில் லைட்வெயிட்டாகக் குத்தியவர் அவர். மூக்கு இன்னும் ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது.

“டுரான் இருக்கும்போது வேற பேரு எதுக்கு? கல்லுக் கைன்னு சும்மாவா சொன்னாங்க?”

“அந்தக் கல்லுக் கைதான் ‘போதும்’னு சொல்லிட்டு பாதியில திரும்பிப் போச்சு.”

“அது லைட்வெயிட்டா? எடை ஏத்திக்கிட்டுப் போய்ப் போட்ட சண்டைலா அது! லைட்வெயிட்டா இருந்தப்ப ஒரே ஒருத்தன்கிட்டதான் தோத்தாரு. அவனையும் அப்புறம் ரெண்டு தடவை படுக்க வச்சாரு.”

“விட்டேக்கரை எவன் தொட்டான்? காத்தைக் குத்தின மாதிரி இருக்கும். அடிபடாம நிக்கிறான் பாருங்க, அவன்தான் பெரியவன்.”

ரஃபேல் கைப்பேசியை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப வைத்தார்.

“அடிபடாம யாருக்கு முடியுது, பாய்? நம்ம பையன் எத்தனை குத்து வாங்கிட்டான்! கையெல்லாம் கருத்துப் போச்சுன்னு கேரன் அழுவறா.”

“ஆனா ஒரு தடவைகூட ‘போதும்’னு சொல்லல, அண்ணே.”

“சொல்லல,” என்றார் ரஃபேல்.

பத்து ஆனது. பத்தே கால் ஆனது. குருண் பக்கம் போகும் லாரிகள் கடையை அதிரவைத்துக் கடந்தன. கைப்பேசி அப்படியே கிடந்தது.

“இன்னும் வரல. திரும்பவும் இடிச்சிருக்கும். அதான் சொல்லப் பயந்துகிட்டு இருக்காளுங்க.”

“சும்மா இருங்கலா! இந்தாங்க, ஒரே ஒரு வார்த்தை. டுரான் பெரியவன் இல்லன்னு சொல்லுங்க. இந்தத் தாளை இப்பவே கிழிச்சிடறேன்.”

“கடனை மாசம் அம்பது அம்பதா கட்டிடுவேன். அந்த வார்த்தை மட்டும் என் வாயில வராது.”

கைப்பேசி அலறியது. எடுக்கும்போது கை நழுவியது. யஹ்யாதான் பிடித்து அவர் காதில் வைத்தார்.

“கேரன்... எல்லாத்தையும் கழட்டிட்டுத்தானேம்மா? வைக்கிறதுக்கு முன்னாடி மெசின்ல சைபர் காட்டுச்சா? நீயே பாத்தியா? திரும்பச் சொல்லு.”

கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

“பாய்,” என்றார் ரஃபேல். “டுரான் பெரியவன் இல்ல.”

யஹ்யா ஒரு நிமிடம் விழித்தார். அப்புறம் சரட்டென்று அந்தத் தாளைக் கிழித்து, நான்காக்கி, ஆறிப்போன தேநீருக்குள் போட்டார்.

“வந்துச்சு பாருங்க வார்த்தை! அப்ப விட்டேக்கர்தானே?”

“அவனும் இல்ல.” ரஃபேலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “எம் பேரனை நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாமாம், பாய். ஒரு கிலோ எண்ணூத்தி அஞ்சு கிராம்... பேம்பர்ஸையும் கழட்டிட்டு!”