ரைட்டுக்கு எத்தனை அர்த்தம்

"ரைட்!" என்றார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவர்.

"தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தணுமாம்," என்றபடி உயர்த்தி வைத்தாள் மனைவி.

"ரைட்..."

"போதுமாம். இப்பதான் முதுகுக்குச் சுகமா இருக்காம்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இன்றைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, வாயும் கோணிவிட்டது. பிறர் பேசுவது நன்றாகவே புரிந்தது. ஆனால் சொந்த வார்த்தைகள் எல்லாம் ஒரே ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டன. படிக்கட்டில் தொங்கியபடி ஆயுசு பூராவும் கத்திய அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் இறங்க மறுத்து உட்கார்ந்துகொண்டது.

பயிற்சிப் பெண் ஆர்வம் தாங்காமல் அகராதியைப் புரட்டிப் பார்த்தாள். சரி, நியாயம், உரிமை, வலப்பக்கம், நேராக, உடனே என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆனாலும் 'தாகமாக இருக்கிறது' அதில் இல்லை. 'நீ சாப்பிட்டாயா' இல்லை. இந்த அம்மாவுக்கு மட்டும் எல்லாம் கிடைத்தன.

அந்த அம்மாவுக்குக் குரல் கொஞ்சம் கனம். கண்டக்டர் வீட்டில் பின்னே எப்படிப் பேசுவாளாம் என்று நர்ஸ்கள் கேலி செய்வார்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள், கண் எப்போதும் புருஷன் முகத்திலேயே இருக்கும். அப்படி என்ன பாசமோ என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

பெரிய டாக்டர் உள்ளே வந்தார். "இன்னைக்கு முடிவு பண்ணியாகணும்மா. பேச்சே போனவரை வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. பராமரிப்பு இல்லத்துல இடம் கேட்டிருக்கேன். நீங்க வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துக்கலாம்."

மனைவி பதறிப்போனாள். "எதுக்கு டாக்டர்? எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கு நான், எனக்கு அவர். அதோட, அவர்தான் நல்லாப் பேசறாரே!"

டாக்டர் பரிதாபமாகப் பயிற்சிப் பெண்ணின் பக்கம் திரும்பி, "ராத்திரி நெஞ்சு வலிச்சாலும் ரைட்டுன்னுதானேம்மா சொல்வார்?" என்றார்.

"சோதிச்சுப் பாருங்க சார்," என்றாள் அவள்.

டாக்டர் கையால் வாயை மறைத்துக்கொண்டு நோயாளியின் காதில் ஏதோ சொன்னார்.

"ரைட்," என்றார் கண்டக்டர்.

"ஜன்னலைச் சாத்தணுமாம்," என்றாள் மனைவி. "ஆனா அவருக்குக் குளிரலை. நீங்க கேக்கச் சொன்னீங்களாம்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி குனிந்து வேறென்னவோ கேட்டார். இம்முறை பதில் வர நேரமாயிற்று.

"ரைட்..."

மனைவியின் முகம் சட்டென்று வாடியது. சொல்ல மனமில்லாமல் சொன்னாள். "இல்லத்துக்கே போறாராம். என்னால தனியா அவரைத் தூக்க முடியாதாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் பாய்ந்தாள். "இந்தப் பேச்சு இனிமே எடுத்தீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வீடா, இல்லமான்னுதான் கேட்டேன்," என்றார் மெதுவாக. "ஊகமா இருந்தா தனக்குச் சாதகமாத்தானே சொல்லியிருப்பாங்க?"

"எல்லாம் குரல்ல இருக்கு சார்! ஒவ்வொரு ரைட்டுக்கும் ஒரு ராகம். பதிவு பண்ணி வெச்சிருக்கேன்," என்று பயிற்சிப் பெண் உற்சாகமாக செல்போனை எடுத்தாள். ரைட், ரைட் என்று அது பேசியது. "இதுல என்னம்மா சொல்றார்?"

மனைவி போனைப் பார்த்தாள். பயிற்சிப் பெண்ணைப் பார்த்தாள். பேசவில்லை. மறுபடி போட்டும் பதில் இல்லை. டாக்டரின் புருவம் சுருங்கியது. பயிற்சிப் பெண்ணுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. நல்லது செய்யப் போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே!

"ரைட்," என்றார் கண்டக்டர், கட்டிலிலிருந்து.

"சொல்லிடுங்கறார்," என்றாள் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு. "எனக்குக் காது கேக்காது டாக்டர். கல்யாணமான புதுசுல ஒரு காய்ச்சல்ல போனது. நீங்க பேசறதை உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கறேன். அவர் வாய் கோணினதுலேருந்து அவர் கண்ணைப் பார்க்கறேன். தெரிஞ்சா அவரை என்கூட அனுப்பமாட்டீங்கன்னு மறைச்சேன்."

பயிற்சிப் பெண் செல்போனை மெல்ல உள்ளே வைத்தாள். எந்த ராகத்தை அவள் இத்தனை நாள் வியந்தாளோ, அதில் ஒன்றைக்கூட இந்த அம்மா கேட்டதே இல்லை.

டாக்டர் அந்த அம்மா பார்க்கும்படி முகத்தை நிமிர்த்திக் கேட்டார். "ராத்திரி, இருட்டுல, அவருக்கு நெஞ்சு வலிச்சா?"

"என் கை அவர் நெஞ்சு மேலதானே இருக்கும்?"

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. 'வீட்டுக்கு அனுப்பலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனைவி கை எடுத்துக் கும்பிட்டாள். பிறகு பயிற்சிப் பெண்ணை ஓரமாக அழைத்து, வெகுநாள் சந்தேகத்தைக் கேட்டாள்.

"ஆமா, நீங்க எல்லாரும் இந்த ரூமுக்கு வந்தா ரைட்டு ரைட்டுன்னே பேசிக்கறீங்களே... யாரும்மா அப்படிச் சொல்றது?"