டேங்க் வாசலில் மச்சான்

பெயிண்டரைக் கயிற்றில் இழுத்து டேங்க்குக்கு வெளியே போட்டபோது மணி பதினொன்றே முக்கால். கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். ஆலையில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

இழுக்கச் சொன்னவர் வேறு யாருமில்லை. பெயிண்டரின் சொந்த மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

முகம் கழுவி, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் காற்றாட உட்கார்ந்ததும் பெயிண்டருக்கு ரோஷம் வந்தது. நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனார். சும்மா போகவில்லை, பூச்சு வாளியோடு போனார்.

இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற பூச்சு அது. இரண்டு டப்பாவையும் சேர்த்துக் கலக்கிவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் சுவரில் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் வாளியிலேயே கல்லாகிவிடும்.

ஆகிவிட்டிருந்தது. நடுவில் பிரஷ் கொடிமரம் மாதிரி நின்றது.

"பாருங்க மேடம்." பெயிண்டர் பிரஷ்ஷைப் பிடித்துத் தூக்கினார். வாளியும் கூடவே வந்தது. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் அவரை உட்காரச் சொன்னார். பிறகு விஷயத்தைச் சொல்லச் சொன்னார்.

பெயிண்டர் ஏணியிலிருந்து ஆரம்பித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மச்சான் இரவல் வாங்கிப்போன ஏணி. போகும்போது பன்னிரண்டு படி, திரும்பி வரும்போது பதினொன்று. கேட்டதற்கு, "எண்ணிப் பார்த்தா கொடுத்தீங்க?" என்றார் மச்சான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மனைவி அழுது பார்த்தாள், சமைக்காமல்கூட இருந்து பார்த்தாள். பெயிண்டர் மசியவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் கம்பெனி கொண்டுவந்து டேங்க் வாசலில் உட்கார வைத்திருந்தது. டேங்க்கின் தலையில் ஆள் நுழைகிற ஓட்டை ஒன்று. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளே இருக்கிறவரைக் கூப்பிட வேண்டும். உள்ளே இருக்கிறவர் பதில் சொல்ல வேண்டும். பூச்சு வாடையில் தலை கிறுகிறுத்தால், கிறுகிறுக்கிறவனுக்கே அது தெரியாது.

"கூப்பிடறது அவர் வேலைதானே?" என்றார் அதிகாரி.

"கூப்பிடற விதம் இருக்கு மேடம். 'மாப்பிள்ளை, தூங்கறீங்களா?' 'மாப்பிள்ளை, அந்த மூலையை மாடு நக்கின மாதிரி விட்டிருக்கீங்களே.' 'மாப்பிள்ளை, என் தங்கச்சிக்கு அன்னைக்கே வேற வரன் வந்துச்சு.' இவர் சொல்றது ஒரு தடவை. டேங்க் அதையே நாலு தடவை சொல்லுது."

"நீங்க பதில் சொல்றதில்லையா?"

"சொல்லாம இருப்பேனா? வாடைக்குப் போட்ட முகமூடியை ஒரு விரல் தூக்கிக்கிட்டு நல்லாவே சொல்வேன். மூடிக்கிட்டுத் திட்டினா முழுசாப் போய்ச் சேராது மேடம்."

அதிகாரியின் பேனா நின்றது. "முகமூடியைத் தூக்குவீங்களா?"

"ஒரு விரல்தான்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பெயிண்டர் அதைக் கவனிக்கவில்லை. இன்றைக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார். கடைசிச் சுவர். ஒரே சீராக, பிசிறில்லாமல் பூச்சு ஏறிக்கொண்டிருந்தது. மனசு பஞ்சாக இருந்தது. பாட்டுக்கூட வந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் வேலை பார்த்ததே கிடையாது. அப்போது பார்த்து இடுப்பில் கயிறு இறுகியது. கால் தரையை விட்டது. அவ்வளவுதான், பாதிச் சுவர் அந்தரத்தில் நின்றது. இனி அதைத் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

"வயித்தெரிச்சல் மேடம். சுவர் நல்லா வருதுன்னு தெரிஞ்சதும் அவருக்குப் பொறுக்கல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். காரணமில்லாமல் ஓர் ஆளைக் கயிறு போட்டு இழுப்பது சின்னக் குற்றமில்லை என்றார். எழுத்தில் புகார் கொடுத்தால் விசாரணை வரும், மச்சானின் வேலையே போய்விடும் என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவருக்கும் குடும்பம் இருக்கு."

பெயிண்டர் யோசித்தார். மனைவியின் முகம் வந்தது. அடுத்ததாக ஏணி வந்தது.

"போகட்டும் மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?"

அதிகாரி காகிதத்தை எடுத்து வைத்தார். கூடவே, டேங்க் வாசலில் தொங்குகிற நோட்டை வரவழைத்தார். ஒவ்வொரு தடவை கூப்பிட்டதும் மணியையும், வந்த பதிலையும், உள்ளே இருக்கிறவர் எப்படி இருக்கிறார் என்பதையும் வாசலில் இருக்கிறவர் அதில் எழுதியாக வேண்டுமாம்.

"புகாரோட இதையும் சேர்க்கணும். ஒரு தடவை படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மச்சானின் கோழிக்கிறுக்கல் எழுத்து. பெயிண்டர் விரல் வைத்துப் படித்தார்.

'9.10 – கூப்பிட்டேன். மூதேவி என்றார். நலம்.'

'9.20 – கூப்பிட்டேன். ஏணித் திருடன் என்றார். நலம்.'

'9.30 – கூப்பிட்டேன். பனங்கொட்டைத் தலையன் என்றார். குரல் கணீர். நலம்.'

பக்கம் முழுக்க இதேதான். பெயிண்டருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்தைத் திருப்பினார்.

'11.30 – கூப்பிட்டேன். எங்கப்பாவையும் சேர்த்துத் திட்டினார். மிகவும் நலம்.'

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. அவசரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.

'11.40 – கூப்பிட்டேன். "சொல்லுங்க மச்சான்" என்றார். உடனே இழுத்துவிட்டேன்.'