கழற்றும் முன்

"உங்களுக்கு மட்டும் எத்தனை தடவைம்மா சொல்றது?" என்றார் பயிற்சியாளர்.

இயந்திரக் கையேடுகள் தயாரிக்கும் புது மென்பொருளைக் கற்றுத்தர வந்தவர் அவர். மற்றவர்களெல்லாம் படம், அட்டவணை, பொருளடக்கம் என்று போய்விட்டார்கள். கடைசி மேசைப் பெண் மட்டும் காலையிலிருந்து ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "இந்த எச்சரிக்கைப் பெட்டியை மேல கொண்டு போகணும் சார்," என்றாள், காலையில் கேட்ட அதே குரலில்.

திரையில் ஒரு கம்ப்ரெசரின் பராமரிப்புக் குறிப்பு. 'மூடியைக் கழற்றவும்' என்பதோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தின் தலையில் சிவப்புப் பெட்டி: 'கழற்றும் முன் காற்றழுத்தத்தை முழுவதும் வெளியேற்றவும்.'

"டெம்ப்ளேட்டே அப்படித்தாம்மா. அதுல கை வெச்சா எல்லாக் கையேட்டுலயும் மாறிடும்."

"மாறட்டும் சார்."

"எச்சரிக்கைதான் இருக்கே! எங்க இருந்தா என்ன? பக்கத்தைத் திருப்பினா தெரியப்போகுது."

அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

பயிற்சியாளர் அந்தப் பிரிவின் மேலாளரைக் கூப்பிட்டு முறையிட்டார். எல்லோரிடமும் எரிந்து விழும் அந்த மனிதர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவங்க கேக்கறதைச் சொல்லிக் குடுங்க சார்," என்றார். அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

ஓஹோ, பெரிய இடத்து ஆள் போலிருக்கிறது! பயிற்சியாளர் வேண்டாவெறுப்பாக நாற்காலியை இழுத்துப் போட்டு, டெம்ப்ளேட்டைத் திறந்து வழி காட்டினார். அவள் ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினாள். சிவப்புப் பெட்டி நகர்ந்து, கழற்றச் சொல்லும் வரிக்கு மேலே போய் உட்கார்ந்தது.

"எல்லாத்துலயும் மாறிடுச்சா சார்?"

"மாறிடுச்சு."

அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேறெதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதுபோல் இருந்தது அது.

பயிற்சியாளருக்குப் பொறுக்கவில்லை. "கம்ப்யூட்டரையே இப்பத்தான் தொடறீங்க போல. யாரு சிபாரிசும்மா?"

"சிபாரிசு இல்ல சார். என் வீட்டுக்காரர் செத்ததுக்குக் குடுத்தாங்க. மூடியைக் கழட்டிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம்னு இருந்திருப்பார்."