கழுத்து இறகு

சேவற்கட்டில் தோற்ற சேவல் ஜெயித்தவனுக்குச் சொந்தம். அப்படித்தான் என் சேவலைச் சடையாண்டி தூக்கிக்கொண்டு போனான். மறுவாரம் அவன் ரோசலின் டீச்சர் வீட்டுக்கு இறகு விற்கப் போனபோது நானும் கூடப் போனேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. மலையோடையில் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்கிறவர் அவர்.

இரண்டு பொட்டலம். ஒன்றில் ஜெயித்த சேவலின் கழுத்து இறகு, மற்றதில் என் சேவலுடையது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மேலுதட்டில் உரசிப் பார்த்தார். விறைப்பான இறகுதான் தண்ணீரில் மிதக்குமாம். ஜெயித்த சேவலின் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

“இந்த இன்னொன்னுதான் வேணும். சேவலையே கொண்டாங்க.”

“அதக் கொழம்பு வச்சாச்சு டீச்சர்” என்றான் சடையாண்டி.

“சரி, இருக்கிறதுல செய்யறேன். பூச்சிக்கெல்லாம் பேரு எழுதி வைக்கிறது என் வழக்கம். அந்தச் சேவலுக்குப் பேரு என்ன?”

சடையாண்டி என் பக்கம் திரும்பினான். நான் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு முன்னால் வந்தேன்.

“கருப்பட்டி” என்றேன்.

அங்கே யாருக்கும் காது மந்தமில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.