பர்மிட்டில் இல்லாத வீடு

"அதக் கீழ வை அமலா. உன்ன யாரு இதத் தொடச் சொன்னது?"

கல்யாண வீட்டுக் கொல்லையில் அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, இளவரசி போட்ட அதட்டலில் அமலா கையிலிருந்த அண்டாவை அப்படியே வைத்துவிட்டாள். முகம் சுருங்கிப் போனது.

சிங்கப்பூரில் இளவரசியின் வீட்டோடு தங்கி வேலை செய்பவள் அமலா. இளவரசியின் கொழுந்தன் கோபிக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். வேலைக்காரியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், டிக்கெட் நான் போடுகிறேன் என்று மாமியார் கோவிந்தம்மாள் அவ்வளவு தாராளம் காட்டியது எதற்கு என்று, கொல்லையில் குவிந்து கிடந்த பாத்திரங்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

அமலாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எவ்வளவு கிடந்தாலும் தேய்த்துப் போட்டுவிடுவாள். அவள் மனசெல்லாம் கிளியனூரில் இருந்தது. பாண்டிச்சேரி பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வீடு. கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போன மகள் ஸ்டெபி இப்போது ஓடுகிறாள், பேசுகிறாள், எல்லாம் போனில் பார்த்ததுதான். அமலாவுக்கு அவள் வைத்திருக்கும் பெயரே 'போன் அம்மா'. சிங்கப்பூரில் இருந்தபோதுகூட இவள் இப்படித் தவித்ததில்லை. இங்கே வந்த பிறகு, தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டாலே வாசலுக்கு ஓடினாள்.

நேற்று துணிந்து கோவிந்தம்மாளிடம் கேட்டும் பார்த்தாள். ஒரு எட்டு போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன், இல்லாவிட்டால் வீட்டுக்காரரை இங்கே தூக்கி வரச் சொல்கிறேன் என்று.

"புள்ள வந்தா அத இடுப்புல வெச்சிக்கினு நிப்ப. வேலய யாரு பாக்கறது? என் மருமவளே விழுப்புரத்துல இருக்கிற அம்மா வூட்டுக்குக் கல்யாணம் முடிஞ்சிதான் போவப்போறா. உனக்கு இன்னா அவ்ளோ அவசரம்?"

பக்கத்தில் நின்ற இளவரசி வாயைத் திறக்கவில்லை. அதுதான் அமலாவுக்கு அதிகமாக வலித்தது.

மேடம் எப்போதுமே இப்படித்தான். எதற்கெடுத்தாலும் ரூல். சிங்கப்பூரில் கீழ் மாடியில் மேடத்தின் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஸ்டெபி வயசில் ஒரு குழந்தை. வீடு துடைக்க அமலாவைக் கொஞ்சம் அனுப்பேன் என்று அவள் கேட்டபோது, அமலா ஆசை ஆசையாகக் கிளம்பினாள். துடைக்கிற சாக்கில் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாமே. இளவரசி மறித்துவிட்டாள். உன் வேலை பர்மிட்டில் இருப்பது இந்த வீட்டு அட்ரஸ், வேறு வீட்டில் நீ வேலை செய்யக் கூடாது, அதுதான் சட்டம் என்றாள். அன்றைக்கு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் அமலா.

அந்தப் பாழாய்ப்போன சட்டம் இப்போது திண்டிவனம் வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

"இன்னாடி கூத்து இது? டிக்கெட்டு போட்டு இட்டாந்தது பின்ன எதுக்கு?" என்று கோவிந்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ரூலு அத்த. வேற எந்த வூட்லயும் அவ வேல செய்யக் கூடாது. இவ பாத்திரம் தேய்க்கறது கல்யாண வீடியோவுல வந்து, அத எவனாச்சும் அங்க அனுப்பி வெச்சான்னா, ஃபைன் உங்க புள்ளைக்குத்தான்."

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் கேமராவோடு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கோவிந்தம்மாள் திரும்பி மூத்த மகனைப் பார்த்தாள். செல்வகுமார் தலையைச் சொறிந்துகொண்டே, இளவரசி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முனகினான். பெண்டாட்டி எது சொன்னாலும் அவன் முனகுவது அதுதான்.

"வேலயும் செய்ய மாட்டா, வேளாவேளைக்குச் சோறு மட்டும் துன்னுக்கினு குந்தியிருப்பாளா? என் கண்ணு முன்னாடி நிக்கக் கூடாது. எங்கனா இட்டுக்கினு போய் வுடு."

"சரி அத்த. நீங்க சொன்னா சரி."

கல்யாணத்துக்கு வாடகைக்குப் பேசியிருந்த காரில் பையோடு அவளை ஏற்றிவிட்டு, இளவரசியும் ஏறிக்கொண்டாள். அமலா பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். வேலை போயிற்றா? ஏதாவது லாட்ஜில் கொண்டுபோய் விடப் போகிறாளா? கேட்கவும் பயம்.

கார் பாண்டிச்சேரி ரோட்டில் திரும்பியபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இளவரசி வெளியே வேடிக்கை பார்த்தபடி, கிளியனூரில் எந்தத் தெரு என்று மட்டும் கேட்டாள். அமலா தட்டுத் தடுமாறி வழி சொன்னாள். கிளியனூர் வருகிறவரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஸ்டெபி, காரிலிருந்து இறங்கியவளை உற்றுப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய் அப்பாவின் போனை எடுத்து வந்தாள். போனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு, அமலாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அமலா அவளை அப்படியே அள்ளிக்கொண்டாள்.

இளவரசி காரை விட்டு இறங்கவில்லை. சிங்கப்பூர் திரும்புகிற அன்றைக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொன்னாள்.

அமலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காரின் பக்கத்தில் வந்து நின்றாள். "மேடம், அந்த ரூலு இங்கயும் உண்டா?"

"அது சிங்கப்பூரோட சரி. எங்க அத்தைக்கு அது தெரியாது இல்ல?"

அமலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உடனே கொல்லையில் கிடந்த குவியல் ஞாபகம் வந்தது. "அப்ப அவ்ளோ பாத்திரத்தயும் யாரு மேடம் தேய்ப்பாங்க?"

இளவரசி டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

"நான்தான். மருமவளுக்கு எந்த ஊர்லயும் ரூலு கிடையாதே."